முதல் தடவை ஸ்கீ, சூரிச்சிலிருந்து நாலு பேர்: பிரவுன்வால்டா, எல்மா, எல்லை தாண்டியா?

சூரிச் புதுசு · 2024 அக்டோபர் 27
நேரா விஷயத்துக்கு வர்றேன். பெரியவங்க ரெண்டு பேர், பசங்க 5 வயசு, 9 வயசு. யாருமே ஸ்கீ போட்டதில்ல. பிப்ரவரி விளையாட்டு விடுமுறையில மூணு நாள், கார் கிடையாது. ஆபீஸ்ல எல்லாரும் "200 கிலோமீட்டர் பாதை இருக்குற பெரிய மலையா பாரு, அப்பதான் குடுக்குற காசுக்கு மதிப்பு"ங்கறாங்க. அந்த மாதிரி இடத்துல ஒரு நாள் டிக்கெட்டே ஆளுக்கு 80 ஃபிராங்கைத் தாண்டுது. இது கட்டுப்படியாகுமா? இல்ல ஸ்லெட்ஜோட நிறுத்திக்கலாமா?

லிந்தால் மாமா · அக்டோபர் 27
200 கிலோமீற்றர் பாதை உங்களுக்கு எதுக்குத் தம்பி? முதல் ரெண்டு நாளும் நீங்கள் நிக்கப்போறது ஒரு சரிவில, ஒரு கம்பளத்தில. அதுக்குப் பெரிய மலையின்ர விலை குடுக்கிறதுதான் இந்த நாட்டில நடக்கிற பெரிய வீண்செலவு.

பிரவுன்வால்டைப் பாருங்கோ. சூரிச் பெருநிலையத்தில எஸ்25 ரயில் ஏறினா மாறாமல் லிந்தால் பிரவுன்வால்ட்பான் நிலையம், சுமார் ஒண்டரை மணித்தியாலம். இறங்கின இடத்திலயே கம்பியில இழுபடுகிற மலை ரயில், 1907 இல இருந்து ஓடுது. மேலே ஊர் 1256 மீற்றரில, கார் ஓடாத ஊர். குரோட்சன்பூல் எண்ட இடம் 1560 மீற்றர் அளவில. பழகிற ஆக்களுக்குரிய தட்டையான சரிவு அங்கைதான். அதுக்கு மேலே கூமன், 1901 மீற்றர். அது உங்களுக்கு மூண்டாம் நாள் வேணுமெண்டால் பாக்கலாம்.

காசு எங்க போகுது எண்டு பிரிச்சுப் பாருங்கோ: வாடகை, பள்ளி, லிஃப்ற், சாப்பாடு, ரயில். சின்ன மலைகளில பெரியாளுக்கு நாள் ரிக்கெற் சுமார் 40–60 பிராங். ஆனா முதல் நாள் அதுவும் தேவையில்லை. குரோட்சன்பூலுக்கு ஏறி இறங்கிற ரிக்கெற்றும், பயிற்சித் தளத்துக்கான கட்டணமும் காணும். பயிற்சித் தளம் பள்ளிக் கட்டணத்துக்குள்ள வருதா, தனியா கட்டவேணுமா எண்டு முதலே ஸ்கீ பள்ளியிட்டக் கேளுங்கோ. இடத்துக்கு இடம் வித்தியாசம்.

சூரிச் புதுசு · அக்டோபர் 27
கம்பளம்னா?

வாடகைக் கடை · அக்டோபர் 28
தரையோடு ஓடும் ரப்பர் பட்டை. ஸ்கீயோடு அதன் மேல் நின்றால் மெதுவாக மேலே கொண்டுபோய் விடும். விழுந்தால் ஒரு பொத்தானில் நின்றுவிடும், பக்கத்தில் ஆள் இருப்பார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேறு எந்த லிஃப்டும் முதல் நாளில் வேண்டாம். ஒரு மலையைத் தேர்ந்தெடுக்கும்போது பாதையின் நீளத்தைப் பார்க்காமல், கம்பளம் இருக்கிறதா, அது கழிப்பறைக்கும் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கும் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி சப்பாத்து. நான் பார்த்தவரை முதல் நாள் கெடுவது பனியாலோ பயத்தாலோ இல்லை, பெரும்பாலும் சப்பாத்தால்தான்.

அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். வீட்டிலேயே சுவரில் குதிகாலை ஒட்டி நின்று தாளில் குறித்து அளந்து வாருங்கள். "சாதாரணமா 42 போடுவேன்" என்று கடையில் சொல்வது பெரிதாக உதவாது. உள்பஞ்சைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்னால் தொடும்படி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒன்று முதல் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். மூன்று விரல் போனால் பெரிது. பிள்ளைக்கு "அடுத்த வருஷமும் போடட்டும்" என்று இரண்டு அளவு கூட்டி எடுக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம். உள்ளே கால் மிதந்தால் பிள்ளை எவ்வளவு திருப்பினாலும் ஸ்கீ திரும்பாது. கூடுதலாக ஒரு சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம்.

காலுறை ஒன்றே ஒன்று, முழங்கால் வரை, மெல்லியது. இரண்டு போட்டால் மடிப்பு விழும், இரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் குளிரும். உள்ளே போகும் நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் திணிக்காதீர்கள். சப்பாத்துக்குள் போகவேண்டியது காலும் காலுறையும் மட்டும்தான்.

ஸ்கீயின் நீளம்: பிள்ளைக்கு நெஞ்சுக்கும் தாடைக்கும் இடையில், புதிதாகப் பழகும் பெரியவருக்குத் தாடை அளவு. பிள்ளைகளுக்கு முதல் நாள் கைத்தடி கொடுக்காதீர்கள். கண்ணில் குத்தத்தான் உதவும்.

பேர்ன் அக்கா · அக்டோபர் 28
மாமா சொல்றதில பாதி சரி. கார் இல்லாத ஊர் எண்டது படத்தில வடிவு. ஐந்து வயதுப் பிள்ளை ஸ்கீ சப்பாத்தோட 300 மீற்றர் நடக்காது. மலை ரயிலால இறங்கினதும் குரோட்சன்பூலுக்கு ஏத்திற கொண்டோலாவின்ர (கம்பியில தொங்கிற பெட்டி) அடி நிலையத்துக்கு நடக்கவேணும். ரெண்டு பெரியாக்கள், நாலு சோடி ஸ்கீ, ஒரு அழுகிற பிள்ளை. கணக்குப் பாருங்கோ.

அதே கிளாருஸ் மாநிலத்தில எல்ம் இருக்கு. சுவாண்டனில ரயிலால இறங்கி பஸ். கொண்டோலா எம்பெச்லிக்கு ஏத்தும், கிட்டத்தட்ட 1480 மீற்றர், பிள்ளைகளுக்கான இடம் அங்கை. ஸ்கீ வீராங்கனை விறேனி ஷ்னைடர் பிறந்த ஊர் அது. 1988 கால்கரி ஒலிம்பிக்கில ரெண்டு தங்கம், 1994 லில்லஹாமரில ஒண்டு. கார் இருக்கிற ஆக்களுக்கு எல்ம்தான் சுகம்.

லிந்தால் மாமா · அக்டோபர் 28
அவையளுக்குக் கார் இல்லை எண்டு முதல் வரியிலயே இருக்கு அக்கா. எல்முக்கு ரயில், பஸ் எண்டு மாறவேணும். விடுமுறை நாள் காலமை அந்த பஸ்ஸில ஸ்கீயோட நிக்கிறது வேற கதை.

நடைக்கு வழி இருக்கு. ஸ்கீயும் சப்பாத்தும் சூரிச்சில எடுக்காதேங்கோ, மேலே ஊரில எடுங்கோ. சாதாரண பனிச்சப்பாத்தோட நடந்துபோய் ஸ்கீ சப்பாத்தைச் சரிவுக்குக் கிட்ட மாத்தலாம். தங்கிற ஆக்கள் எண்டால் பொதிகளை மலை ரயில் நிலையத்தில இருந்து மின்வண்டியில கொண்டுபோய்த் தர ஒழுங்கு இருக்கு, விடுதியிட்ட முதலே சொல்லுங்கோ. அங்கை சனம் பிள்ளையளை ஸ்லெட்ஜில இருத்தி இழுத்துக்கொண்டுதான் திரியுது. நீங்களும் ஒண்டு வாடகைக்கு எடுங்கோ. பின்னேரம் குரோட்சன்பூலில இருந்து ஊருக்கு ஸ்லெட்ஜ் பாதையும் இருக்கு, ஸ்கீயில களைச்ச பிள்ளைக்கும் அது பிடிக்கும்.

பேர்ன் அக்கா · அக்டோபர் 29
மேலே வாடகை விலை கூட.

வாடகைக் கடை · அக்டோபர் 29
மூன்று நாளுக்கு என்றால் பெரிய வித்தியாசம் வராது. மேலே எடுப்பதில் இன்னொரு லாபம்: சப்பாத்து கடித்தால் அரை மணியில் மாற்றித் தருவார்கள். சூரிச்சில் எடுத்ததை மலையில் யாரும் மாற்ற மாட்டார்கள்.

ஆனால் பிள்ளைகள் அந்தக் குளிர்காலத்திலேயே நாலைந்து தடவை போவார்கள் என்றால் பருவ வாடகைதான் மலிவு. அக்டோபரில் எடுத்து ஏப்ரலில் திருப்பிக் கொடுப்பது, இடையில் கால் வளர்ந்தால் பல கடைகள் மாற்றித் தரும். நல்ல அளவுகள் நவம்பர் நடுவிலேயே தீர்ந்துவிடும்.

சூரிச் புதுசு · அக்டோபர் 29
பழைய பொருள் சந்தையில ஒரு செட் 40 ஃபிராங்குக்குப் பார்த்தேன், பெரியவங்க சைஸ், பாக்க புதுசு மாதிரியே இருக்கு. வாங்கலாமா?

வாடகைக் கடை · அக்டோபர் 29
வயது என்ன என்று கேளுங்கள். சப்பாத்து ஓடு பாலியூரித்தேனில் செய்தது. போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் அதை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். பத்து வருடம் தாண்டிய சப்பாத்து ஒரு குளிர்ந்த காலையில் குதிகால் பக்கம் பிஸ்கட் போல உடைந்து விழும், நீங்கள் சரிவின் நடுவில் ஒரு காலில் நிற்பீர்கள்.

பிணைப்பும், அதாவது சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் பாகமும், அப்படித்தான். எந்தெந்தப் பிணைப்பைச் சரிசெய்து கொடுக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் பட்டியல் வெளியிடுவார்கள். பட்டியலில் இல்லாத பழைய பிணைப்பைப் பொறுப்புள்ள கடை தொடாது. பிணைப்பு எவ்வளவு விசையில் காலை விடவேண்டும் என்பது எடை, உயரம், வயது, சப்பாத்துத் தட்டின் நீளம், ஓட்டும் விதம் இவற்றை வைத்துப் போடும் கணக்கு. ஐஎஸ்ஓ 11088 என்ற தரம் அதற்கு இருக்கிறது. முன்பு வைத்திருந்தவரின் கணக்கில் நீங்கள் விழுந்தால் ஸ்கீ கழராது, முழங்கால் திருகும். கடையில் எடையைக் கேட்டால் வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். கூட்டியும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று: பிள்ளைகள் சப்பாத்தின் அடித்தட்டு வேறு அளவு. பெரியவர் பிணைப்பு எல்லாவற்றிலும் அது பொருந்தாது. கிரிப்வாக் என்று எழுதிய வளைந்த அடித்தட்டும் அப்படியே, பழைய பிணைப்பில் போடக்கூடாது. சப்பாத்தும் ஸ்கீயும் தனித்தனி இடத்தில் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

லிந்தால் மாமா · அக்டோபர் 30
எடையைச் சரியாச் சொல்லச் சொன்னதும் இழையில ஆக்களைக் காணேல்லை.

மியூனிக் பக்கம் · நவம்பர் 2
எல்லைக்கு இந்தப் பக்கமும் பாருங்க. ஆஸ்திரியாவின் திரோலில் ஸ்கீவெல்ட்: ஸெல், எல்மாவ், ஷெஃபாவ், ஹோஃப்கார்டன், வெஸ்டன்டார்ஃப் எல்லாம் ஒரே டிக்கெட்டில். ப்ரிக்ஸன் இம் தாலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொண்டோலா, ரயிலுக்கு வோர்கலில் மாறணும். நீலப் பாதையும் (சுலபம்) சிவப்புப் பாதையும் (நடுத்தரம்) அதிகம், கிராமத்து விடுதிகளில் காலை உணவோட தங்கலாம், விலை சுவிஸை விட நிச்சயம் குறைவு. குறை என்னன்னா உயரம். ஹோஹே சால்வே உச்சியே 1829 மீட்டர்தான், ஊர்கள் எல்லாம் ரொம்பக் கீழே. வெப்பமான குளிர்காலத்தில் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதையில் செயற்கைப் பனிப் பட்டை மட்டும் இருக்கும், ரெண்டு பக்கமும் புல்.

கார்ல வர்றவங்களுக்கு: நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்காலச் சாலைநிலை இருந்தா ஆஸ்திரியாவில் பனிச் சக்கரம் கட்டாயம். ஜெர்மனிப் பக்கமிருந்து கூஃப்ஸ்டைன் தெற்கு வெளிவழி வரைக்கும் 2019 டிசம்பரிலிருந்து வின்யெட் (நெடுஞ்சாலைக் கட்டண ஸ்டிக்கர்) வேண்டாம். அதைத் தாண்டி நெடுஞ்சாலையில் போனா வேணும்.

பேர்ன் அக்கா · நவம்பர் 2
ஒரு கிழமை எண்டால் திரோல் லாபம். மூண்டு நாளுக்குச் சூரிச்சில இருந்து ரயில் காசும் ரெண்டு அரைநாள் பயணமும் போட்டால் லாபம் கரைஞ்சு போகும். சின்னப் பிள்ளையோட பயண நாள் எண்டது ஸ்கீ இல்லாத நாள். இதில நான் மாமாவின்ர பக்கம்தான், முதல் தடவைக்குக் கிட்ட இருக்கிற மலை. அடுத்த வருசம் பிள்ளையள் நீலப் பாதை எல்லாம் இறங்கினாப் பிறகு திரோலை யோசியுங்கோ, அப்ப பாதையின்ர நீளத்துக்கும் அர்த்தம் வரும்.

இத்தாலியில இருக்கிற லிவிஞ்ஞோவும் சிலர் சொல்லுவினம். 1816 மீற்றரில, பனி நிச்சயம், வரியில்லாக் கடைகள். சுவிஸ் பக்கத்தால போறதெண்டால் மூந்த் லா ஷேரா குகைப்பாதை, ஒரு வாகனம் போற அகலம்தான், மாறி மாறித்தான் விடுவினம். குளிர்காலச் சனிக்கிழமையில அங்க காத்து நிக்கிறதைப் பிள்ளையளோட யோசிச்சுப் பாருங்கோ.

லிந்தால் மாமா · நவம்பர் 3
பருவ அட்டைக் கதையையும் சொல்லவேணும். 2016 இல சாஸ்-ஃபே ஒரு குளிர்காலம் முழுக்க 222 பிராங் எண்டு விட்டவுடன மற்ற மலைகள் எல்லாம் திடுக்கிட்டது. அடுத்த வருசம் சுவிஸின்ர பிரெஞ்சு மொழிப் பக்கத்தில பல மலைகளுக்கும் ஒரே பருவ அட்டையா மஜிக் பாஸ் வந்தது. இதெல்லாம் வசந்தத்திலயே வாங்கினாத்தான் மலிவு, பத்து நாளாவது போற ஆக்களுக்குத்தான் பொருந்தும். மூண்டு நாளுக்கு ஒருவரும் வாங்காதேங்கோ.

சூரிச் புதுசு · நவம்பர் 9
விழுந்து கால் உடைஞ்சா செலவு? ஹெலிகாப்டர்னா பல்லாயிரம்னு பயமுறுத்துறாங்க.

பேர்ன் அக்கா · நவம்பர் 9
வேலை செய்யிற ஆள், ஒரே முதலாளியிட்ட கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை எண்டால், வேலைக்கு வெளியில நடக்கிற விபத்துக்கும் முதலாளியின்ர விபத்துக் காப்புறுதி பாக்கும். பிள்ளைகளும் வேலை செய்யாத துணையும் நோய்க்காப்புறுதிக்குள்ள. அது மலைமீட்புச் செலவில பாதிதான் குடுக்கும், வருசத்துக்கு 5000 பிராங் வரை. மிச்சத்துக்கு மேலதிகக் காப்புறுதி இருக்கா எண்டு பாருங்கோ. வேலையை விட்ட ஆக்கள் நோய்க்காப்புறுதியில விபத்தைத் திரும்பச் சேர்க்க மறந்துபோறது வழமை. ஹெலிகாப்டர் மீட்பு அமைப்பான ரேகாவுக்கு வருசம் 40 பிராங் கட்டினாலும் காப்புறுதி மாதிரித்தான்.

வாடகைக் கடை · நவம்பர் 9
கடைசி வரி சரியில்லை. ரேகாவுக்குக் கட்டுவது ஆதரவாளர் பணம், காப்புறுதி அல்ல. காப்புறுதிகள் கட்டாத மீட்புச் செலவை அவர்கள் தள்ளுபடி செய்யலாம், அதற்குச் சட்ட உரிமை கிடையாது. மற்றது, சரிவிலிருந்து சறுக்குப் படுக்கையில் இறக்குவது அந்த மலை நிறுவனத்தின் ஆட்கள், அந்தப் பில் தனியாக வரும்.

அடுத்தவர்மேல் மோதினால் தனியார் பொறுப்புக் காப்புறுதி பேசும். வாடகை ஸ்கீ திருட்டுப்போனால் வீட்டுப்பொருள் காப்புறுதியில் "வெளியிடத் திருட்டு" சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சாப்பிடப் போகும்போது ஒரு சோடியை ஒன்றாக நிறுத்தாதீர்கள். உங்கள் ஒன்றும் மனைவியின் ஒன்றும் இங்கே, மற்ற இரண்டும் இருபது மீட்டர் தள்ளி. சோடி சேராத ஸ்கீயை யாரும் தூக்க மாட்டார்கள்.

மியூனிக் பக்கம் · நவம்பர் 10
அப்புறம் சாப்பிட்டு வந்து எங்கே வச்சோம்னு தேடணும் :)

சூரிச் புதுசு · 2025 ஜனவரி 12
பிரவுன்வால்ட் முடிவாச்சு. ரெண்டு ராத்திரி. பசங்களுக்கு மூணு நாளும் காலையில குழு வகுப்பு, எங்களுக்கு முதல் நாள் ரெண்டு மணி நேரம். டி-லிஃப்டுங்கறத வீடியோல பார்த்தேன், அதுதான் பயமா இருக்கு.

லிந்தால் மாமா · ஜனவரி 12
அதில இருக்கக்கூடாது, அவ்வளவுதான். எல்லாரும் விழுகிறது இருக்கப் போய்த்தான். கம்பியில தொங்கிற, தலைகீழ் டி வடிவக் கட்டை குண்டிக்குக் கீழ வந்து தள்ளும், நீங்கள் முழங்காலைக் கொஞ்சம் மடிச்சு நிண்டால் காணும். ஸ்கீ ரெண்டும் நேராக, கம்பி இழுக்கிற தடத்துக்குள்ள. கைத்தடியை வெளிப்பக்கக் கையில பிடியுங்கோ. பெரியாளும் சின்னப் பிள்ளையும் ஒரே கட்டையில எண்டால் பிள்ளையின்ர உயரத்துக்குக் கட்டையை விடுங்கோ, உங்களுக்கு அது தொடைக்குப் பின்னால கிடக்கும், சுகமில்லை, ஆனால் போகும். விழுந்தால் கட்டையை உடன விட்டிட்டு தடத்தை விட்டு உருண்டு வெளியில போகவேணும். பின்னால வாறவன் நிண்டுகொள்ள மாட்டான்.

நாற்காலி லிஃப்றில 1.25 மீற்றருக்குக் குறைஞ்ச பிள்ளை தனிய ஏறக்கூடாது. உங்கட சின்னது கட்டாயம் ஆளோட.

வாடகைக் கடை · ஜனவரி 13
ஸ்கீ போடும் முன் சப்பாத்தின் அடியைப் பிணைப்பின் முனையில் தேய்த்துப் பனியை எடுத்துவிடுங்கள். ஒட்டிய பனி பனிக்கட்டியாகி நிற்கும், பிணைப்பு பூட்டியது போலத் தோன்றும், முதல் திருப்பத்தில் கழரும். சரிவில் போடும்போது ஸ்கீ இரண்டும் சரிவுக்குக் குறுக்காக, கீழ்ப்பக்க ஸ்கீயை முதலில். எழுந்திருக்கும்போதும் அப்படித்தான்: ஸ்கீயை உடலுக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்காகக் கொண்டுவந்த பிறகுதான் எழ முயல வேண்டும். நேரே கீழ்நோக்கி வைத்துக்கொண்டு எழுந்தால் எழுந்த கையோடு ஓடும்.

பிள்ளைகளிடம் பள்ளியில் பிட்ஸா, பொம்ஸ் (உருளைக்கிழங்குப் பொரியல்) என்பார்கள். முன்முனை சேர்த்துப் பின்னால் விரித்தால் பிட்ஸா, வேகம் குறையும். நேராக வைத்தால் பொம்ஸ். நீங்களும் அதையே சொல்லுங்கள், தனியாக ஒரு பாடம் வேண்டாம். சின்னது பிட்ஸா போட்டும் நிற்கவில்லை என்றால் அது உட்கார்ந்து பின்னால் சாய்கிறது. முன் தாடையெலும்பு சப்பாத்தின் நாக்கைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பேர்ன் அக்கா · ஜனவரி 13
முன் தாடையெலும்போ, முழங்காலுக்குக் கீழ முன் எலும்போ?

வாடகைக் கடை · ஜனவரி 13
முழங்காலுக்குக் கீழே. தாடை சப்பாத்தைத் தொட்டால் ஏற்கெனவே விழுந்துவிட்டீர்கள்.

சூரிச் புதுசு · பிப்ரவரி 1
வானிலை பாத்து டிக்கெட் வாங்கலாமா, முன்னாடியே வாங்கணுமா? முன்னாடி வாங்கினா குறையுதுன்னு சில இடத்துல போட்டிருக்கு.

லிந்தால் மாமா · பிப்ரவரி 1
கிளாருஸ் பள்ளத்தாக்கில ஃபோன் காத்தை மறக்காதேங்கோ. தெற்கால மலையைத் தாண்டி இறங்கிற சூட்டுக் காத்து. 1861 மே மாதம் கிளாருஸ் நகரின்ர பெரும்பகுதி எரிஞ்சுபோனதுக்கு அந்தக் காத்துத்தான் துணை. அது பலமா அடிக்கிற நாள் மேல் லிஃப்ற்றுகள் நிக்கும், பனியும் ஊறிப்போகும். முன்கூட்டி வாங்கின மலிவு ரிக்கெற்றுக்குப் பல இடங்களில காசு திரும்பாது. அதால பழகிற ஆள் முதல் நாளின்ர ரிக்கெற்றை அண்டைக்குக் காலமை வாங்குறதுதான் புத்தி. பயிற்சிச் சரிவு கீழ இருக்கிறதால காத்திலயும் ஓடக்கூடும், நிலையத்தில கேளுங்கோ.

பிரவுன்வால்ட் வெய்யில் பக்கம் பாத்த மலை. காலமை இறுகிக் கிடக்கும், மத்தியானத்துக்குப் பிறகு பனி கனக்கும். பழகிற காலுக்கு அந்தக் கனத்த பனியில முழங்கால் நோகும். விழுகை கூடுறதும் மத்தியானத்துக்குப் பிறகுதான், ஆள் களைச்ச நேரம். ரெண்டரைக்கு நிப்பாட்டி ஸ்லெட்ஜுக்குப் போங்கோ.

பேர்ன் அக்கா · பிப்ரவரி 2
சாப்பாடு கொண்டுபோங்கோ. மலையில நாலு பேர் இருந்து சாப்பிட்டா அது ஒரு லிஃப்ற் ரிக்கெற்றின்ர காசு. கனக்க மலைகளில சொந்தச் சாப்பாடு சாப்பிட ஒரு அறை விட்டிருப்பினம். ரொட்டியும் சம்பலும் கையால சாப்பிடலாம், ஆனா கையுறை கழட்டினா கை விறைக்கும். சுருட்டி வெட்டிக் கொண்டுபோறதுதான் வசதி. சுடுதண்ணிப் போத்தல் ரெண்டு. இனிப்பு ஏதும் சட்டைப் பைக்குள்ள, முதுகுப் பைக்குள்ள இல்லை. பிள்ளை அழேக்கை பையைத் திறந்துகொண்டு நிக்க ஏலாது.

வெய்யில் கிறீம் கட்டாயம். ஆயிரம் மீற்றர் ஏற புற ஊதாக் கதிர் பத்து வீதம் அளவில கூடும், புதுப் பனி 80 வீதம் வரை திருப்பி எறியும். அதால மூக்குக்குக் கீழ்ப்பக்கம், தாடைக்குக் கீழ எல்லாம் பூசவேணும். நிறமான தோல் எண்டு விடாதேங்கோ, உதடும் கண்ணும் எரியும். ஸ்கீ கண்ணாடியின்ர கருமை அளவு மேகமான நாளுக்கு எஸ்1 (வெளிறினது), வெய்யிலுக்கு எஸ்3 (கறுத்தது). ஒண்டுதான் வாங்குறதெண்டால் எஸ்2. பருத்தி உள்ளாடை வேண்டாம், வேர்வையில ஊறினால் காயாது. சின்னதுக்கு விரல் பிரியாத கையுறை, மேலதிகமா இன்னொரு சோடி.

மியூனிக் பக்கம் · பிப்ரவரி 2
ஒழுங்கு விதி ஒண்ணு மட்டும்: கீழே போறவருக்குத்தான் முதல் உரிமை, மேலேயிருந்து வர்றவர்தான் விலகணும். நிக்கிறதுன்னா பாதையோட ஓரத்துல, மேட்டுக்குக் கீழே மறைவா நிக்கவே கூடாது. யாராவது அடிபட்டுக் கிடந்தா அவங்களுக்குச் சில மீட்டர் மேலே ரெண்டு ஸ்கீயை எக்ஸ் மாதிரி குத்தி வைங்க. சுவிஸ்ல 144, ஹெலிகாப்டருக்கு 1414. பாதை ஓரக் கம்பத்தில் இருக்கும் எண்ணைச் சொன்னா சீக்கிரம் கண்டுபிடிப்பாங்க.

சூரிச் புதுசு · பிப்ரவரி 20
போய்ட்டு வந்தாச்சு, எலும்பு எல்லாம் இருக்கு. கூமன் பக்கமே போகல, மாமா சொன்னபடி நாள் டிக்கெட்டும் வாங்கல. பெரியவன் மூணாம் நாள் நீலப் பாதையில தனியா இறங்குறான். ஒரே சந்தேகம்: லிஃப்ட் அட்டைக்கு 5 ஃபிராங்க் வாங்கினாங்களே, அது திரும்பக் கிடைக்குமா?

லிந்தால் மாமா · பிப்ரவரி 20
அது வைப்புக் காசா, அட்டையின்ர விலையா எண்டு ரசீதில பாருங்கோ. வைப்பெண்டால் நிலையத்தில குடுத்தால் தருவினம். ஆனா எறியாதேங்கோ, இந்த வகை அட்டையில கன மலைகளின்ர ரிக்கெற்றை இணையத்தில ஏத்தலாம், கவுண்டரில வரிசையில நிக்கத் தேவையில்லை. இடது பக்கச் சட்டைப் பையில தனிய வையுங்கோ, கைத்தொலைபேசியோட ஒண்டா வைச்சால் வாசலில வாசிக்காது.